பழைய ஃபோர்டு ஐகான் 1.6-க்குப் புது ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999-ல் வந்த ஐகானில் 1.6 லிட்டர் ராக்கம் பெட்ரோல் எஞ்சின் வண்டி இன்றைக்கும் ஓட்டுவதற்கு அருமையானது. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும், வளைவில் நம்பிப் போகலாம். அந்தக் குணத்தில் பாதி எஞ்சினால் வந்தது என்றால் மீதி சஸ்பென்ஷனால் வந்தது. இருபது வருடம் ஓடிய வண்டிகளில் இப்போது ஸ்பிரிங் மாற்றும் கட்டம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள், தப்பான ஸ்பிரிங் போட்டு நல்ல வண்டியைக் கெடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இங்கே சொல்வதில் பெரும்பகுதி பேலியோ 1.6, லான்சர், பலேனோ என்று அதே காலத்து வண்டிகளுக்கும் பொருந்தும்.

முன்பக்கம் தாழ்ந்து போயிருக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தமா?

கண்ணால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டேப் எடுத்து அளந்து பாருங்கள். சமதளமான தரை, நான்கு டயரிலும் சரியான காற்று, டேங்க் நிறைய பெட்ரோல், டிக்கி காலி, உள்ளே ஆள் இல்லை. இப்படி நிறுத்தி, வண்டியை நான்கு மூலையிலும் அழுத்தி விட்டு, நாலடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஜாக்கி போட்டு இறக்கிய வண்டியின் டயர்கள் தரையில் உரசிப் பிடித்துக்கொண்டிருக்கும், அப்போது எடுக்கும் அளவு பொய் சொல்லும். பிறகு வீலின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும்.

இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஏதோ இருக்கிறது. அது ஸ்பிரிங்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட் ரப்பர் நைந்து அமுங்கியிருக்கலாம், ஸ்பிரிங் உட்காரும் சீட் ரப்பர் காணாமல் போயிருக்கலாம், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்து கீழே தட்டில் கிடக்கலாம். கடைசியாகச் சொன்னது நிறைய வண்டிகளில் நடக்கிறது. அடிச்சுற்றில் மண்ணும் தண்ணீரும் தேங்கி, பெயிண்ட் பெயர்ந்து, துரு பிடித்து அங்கேயே முறியும். இரண்டு சென்டிமீட்டர் துண்டு உடைந்தால் ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. டார்ச் அடித்து அடிச்சுற்றின் முனையைப் பாருங்கள். முனை சுத்தமாக வெட்டியது போல இல்லாமல் கரடுமுரடாக இருந்தால் அது உடைந்த முனை.

வருடக்கணக்கில் ஓடினால் ஸ்பிரிங் 'லூஸ்' ஆகிவிடுமா?

ஆகாது. பலரும் தப்பாக நினைக்கும் இடம் இது. எஃகின் விறைப்பு வயதாவதால் குறைவதில்லை. குறைவது நீளம்தான். எப்போதும் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருப்பதால் மெல்ல மெல்ல நிரந்தரமாகச் சில மி.மீ. சுருங்கி உட்கார்ந்துவிடும். அதனால் வண்டி தாழும், பம்ப் ஸ்டாப் (முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்) சீக்கிரம் இடிக்கும். 'தொளதொள' என்று ஆடுகிறது, பள்ளம் தாண்டியபின் இரண்டு மூன்று தடவை துள்ளுகிறது என்றால் குற்றவாளி ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் இல்லை.

விதிவிலக்கு துரு. கம்பி மெலிந்தால் விறைப்பு நிஜமாகவே குறையும், அதுவும் கம்பி கனத்தின் நான்காம் அடுக்கில். 12 மி.மீ. கம்பி 11.5 ஆனால் விறைப்பில் ஏறக்குறைய 16 சதவீதம் போய்விடும். ஈ.சி.ஆர். ஓரத்தில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் கம்பியைச் சுரண்டி, வெர்னியர் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு 'ஹார்டு' ஸ்பிரிங் போடலாம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் எந்தக் கடைக்காரரும் உங்களைக் குழப்ப முடியாது.

ஸ்பிரிங்கின் விறைப்பு என்பது அதை 1 மி.மீ. அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான். ஜப்பான் கம்பெனிகள் மி.மீ.க்கு இத்தனை கிலோ என்றே போடுவார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் நியூட்டன் கணக்கில் போட்டிருந்தால் 10-ஆல் வகுங்கள், போதும். அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று இருந்தால் 56-ஆல் வகுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கார். இது ஐகானின் கம்பெனி அளவு அல்ல, கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டது. முன்பக்கம் ஒரு ஸ்பிரிங் மேல் 270 கிலோ நிற்கிறது, ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 2 கிலோ. வண்டி சும்மா நிற்கும்போதே அது 135 மி.மீ. அமுங்கியிருக்கும். அந்த 135-க்கு வர்க்கமூலம் எடுத்து, 15.8-ஐ அதனால் வகுத்தால் 1.36 வருகிறது. முன்பக்கம் நொடிக்கு 1.36 தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்று அர்த்தம். சாதாரணக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5-க்குள் இருக்கும். 1.5-ஐத் தாண்டினால் ஸ்போர்ட்ஸ் கார் குணம் வரும். 2-ஐத் தாண்டினால் நல்ல தார் ரோட்டில் மட்டும்தான் நிம்மதி.

இப்போது 25 சதவீதம் ஹார்டாக, மி.மீ.க்கு 2.5 கிலோ ஸ்பிரிங் போடுகிறீர்கள். அமுங்கல் 108 மி.மீ. ஆகும், ஆட்டம் 1.52 ஆகும். உடம்புக்குத் தெளிவாகத் தெரிகிற மாற்றம் இது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே நீளத்தில் ஹார்டு ஸ்பிரிங் போட்டால் வண்டி 27 மி.மீ. உயர்ந்துவிடும். 'ஹார்டு ஸ்பிரிங் போட்டேன், வண்டி ஜீப் மாதிரி நிற்கிறது' என்பவர்களுக்குக் காரணம் இதுதான். விறைப்பை மாற்றினால் ஸ்பிரிங்கின் நீளத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

என் தீர்மானமான கருத்து: தினமும் ஓட்டுகிற ஐகானுக்குப் பழைய விறைப்பே சரி. கூட்டியே ஆக வேண்டும் என்றால் 15, மிஞ்சினால் 20 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு எகிறத் தொடங்கும். எகிறிய டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. குண்டும் குழியுமான ரோட்டில் சற்று மென்மையான வண்டிதான் வேகமாகப் போகும். ராலி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், வீல் மேலும் கீழும் நகர நிறைய இடம், அதாவது நீளமான சஸ்பென்ஷன் பயணம் வேண்டும் என்பார்களே தவிர கல் மாதிரி ஸ்பிரிங் வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள்.

முன்பக்கம் மட்டும், அல்லது பின்பக்கம் மட்டும் மாற்றலாமா?

ஒரே அச்சில் இடது வலது இரண்டையும் சேர்த்து மாற்றுவது கட்டாயம். பழைய விறைப்பிலேயே புது ஸ்பிரிங் என்றால் முன்பக்கம் மட்டும் மாற்றலாம், தப்பில்லை. விறைப்பைக் கூட்டுகிறீர்கள் என்றால் ஒரு பக்கம் மட்டும் கூட்டாதீர்கள். முன்பக்கம் கூட்டினால் வளைவில் மூக்கு வெளியே தள்ளும், திருப்பினாலும் திரும்பாது. பின்பக்கம் கூட்டினால் முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும், வண்டி சுருக்கென்று திரும்பும். ஆனால் மழையில் நனைந்த ரோட்டில், வளைவின் நடுவே பயந்து ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்று வரும். ஏ.பி.எஸ்.கூட இல்லாத பழைய வண்டியில் இந்த வேலை வேண்டாம்.

1.8 டீசல் ஐகான் ஸ்பிரிங் கிடைக்கிறது. பெட்ரோலுக்குப் போடலாமா?

உள்ளே உட்காரும், ஆனால் போடக்கூடாது. அந்த டீசல் எஞ்சின் வார்ப்பிரும்பு பிளாக், ராக்கமை விட நன்றாகவே கனம். எடை வித்தியாசம் 40 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள், வீலுக்கு 20 கிலோ. மி.மீ.க்கு 2 கிலோ ஸ்பிரிங்கில் அதற்கே 10 மி.மீ. மூக்கு உயரும். டீசல் ஸ்பிரிங் கூடுதல் விறைப்பாகவும் இருந்தால் இன்னும் மேலே போகும். மூக்கு தூக்கிய வண்டியில் கேம்பர் (வீல் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) எல்லாம் மாறிவிடும். ஸ்டியரிங்கின் பழைய குணம் போய்விடும்.

ஏ.சி. உள்ள மாடல், இல்லாத மாடல், 1.3, 1.6 என்று ஒரே பெயரில் உள்ள வண்டிக்கே கம்பெனிகள் வெவ்வேறு ஸ்பிரிங் கொடுப்பது வழக்கம். ஸ்பிரிங் மேல் பூசியிருக்கும் வண்ணக் கோடுகள் அதற்குத்தான். உங்கள் வண்டியில் இப்போது உள்ள ஸ்பிரிங்கைத் துடைத்து அந்தக் கோடுகளின் நிறத்தையும் வரிசையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லிப் பார்ட் நம்பர் எடுப்பது அதைவிட நல்லது. ஃபோர்டு 2022-ல் சென்னையில் உற்பத்தியை நிறுத்தினாலும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் பழைய ஸ்டாக் வைத்திருக்கும் கடைகளில் அகப்பட வாய்ப்புண்டு.

ஐரோப்பிய ஃபியஸ்டாவுக்கு வருகிற ஐபாக், லெஸ்யோஃபோர்ஸ் ஸ்பிரிங்கை வாங்கிப் போடலாமா?

ஐகான் 1995-ல் ஐரோப்பாவில் வந்த ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் டிக்கி வைத்துக் கட்டிய செடான். அதனால் இந்த ஆசை இயல்பானதுதான். முன் ஸ்பிரிங்கின் விட்டமும் முனை வடிவமும் ஒத்துப்போனால் யோசிக்கலாம். ஆனால் விளம்பரத்தில் '30 மி.மீ. தாழும்' என்று போட்டிருப்பது அங்கே ஓடுகிற ஹேட்ச்பேக்கின் உயரத்திலிருந்து கணக்கிட்டது. நம் வண்டி நிற்கிற உயரம் வேறு, பின்பக்க எடை வேறு. எந்த உயரத்தில் எத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைக் கொடுக்க முடியாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். பின் ஸ்பிரிங்கை மட்டும் ஹேட்ச்பேக்கிலிருந்து எடுக்கவே கூடாது. நான்கு பேரும் தீபாவளிப் பைகளும் ஏறினால் செடானின் பின்பக்கம் தாங்காது.

கையில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, விவரம் எதுவும் இல்லை. விறைப்பு என்ன என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வெர்னியரும் பொறுமையும் போதும். மூன்று அளவு எடுங்கள். கம்பியின் கனம், பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு. சுற்றின் வெளிவிட்டம், அதிலிருந்து ஒரு கம்பிக் கனத்தைக் கழித்தால் நடுவிட்டம். வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, அதாவது மேலும் கீழும் சீட்டில் படிந்து கிடக்கும் பகுதியை விட்டுவிட்டு எண்ணியது.

கம்பிக் கனத்தை நான்கு முறை எழுதிப் பெருக்கி (12 × 12 × 12 × 12 என்பது போல), அதை 1000-ஆல் பெருக்குங்கள். நடுவிட்டத்தை அதேபோல மூன்று முறை எழுதிப் பெருக்கி, அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மி.மீ.க்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி, 142 வெளிவிட்டம், நாலரைச் சுற்று என்றால் நடுவிட்டம் 130. விடை ஏறக்குறைய 2.1 கிலோ.

அளவெடுக்கும்போது அரை மி.மீ. தவறினால் என்ன ஆகும்? 12-க்குப் பதில் 12.5 என்று எழுதிவிட்டால் விடை 18 சதவீதம் கூடிவிடும். ஆகவே கம்பியை மட்டும் மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். பீப்பாய் மாதிரி நடுவில் பெருத்த ஸ்பிரிங்குக்கும் கூம்பு வடிவத்துக்கும் இந்தக் கணக்கு சரிவராது. அதற்கு லேத் பட்டறையிலோ ஸ்பிரிங் செய்யும் பட்டறையிலோ பிரஸ்ஸில் வைத்து அமுக்கிப் பார்ப்பதுதான் வழி.

ஒரு சுற்றை வெட்டிவிட்டால் செலவில்லாமல் வண்டி தாழ்ந்துவிடும் என்கிறார்களே?

தாழும். கூடவே விறைப்பும் ஏறும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் கூடும், ஏனென்றால் மீதி ஐந்து சுற்றும்தான் இனி முழு வேலையையும் செய்ய வேண்டும். கணக்கு வரை பரவாயில்லை. பிரச்சினை முனையில் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கின் முனை சீட்டில் உள்ள பள்ளத்தில் போய் உட்காரும்படி வளைத்தது. வெட்டிய முனை சாய்வாகச் சீட்டின் மேல் குத்தி நிற்கும். வீல் முழுதாகத் தொங்கும்போது, அதாவது பெரிய ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டி இறங்குகையில், ஸ்பிரிங் லூசாகி இடம் மாறிவிடும். மாறிய இடத்தில் திரும்ப அமுங்கும்போது டயரையோ பிரேக் ஹோஸையோ தொட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கை உட்காரவைப்பது இன்னும் மோசம். அந்த எஃகின் பலமே அளந்து செய்த டெம்பரில், அதாவது சூடாக்கிப் பதப்படுத்தியதில் இருக்கிறது. சிவக்கச் சுட்ட இடத்தில் டெம்பர் போய்விடும். இன்றைக்கு 30 மி.மீ. தாழ்ந்தது அடுத்த மாதம் 50 ஆகும், இல்லை ஒருநாள் முறியும். எந்த மெக்கானிக் இதைச் செய்து தருகிறேன் என்றாலும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் போட்டால் போதாதா?

அடியில் இடிக்கிறது என்று புலம்புகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் விற்கிறார்கள். செருகிய இடத்தில் அந்தச் சுற்று வேலை செய்யாமல் நின்றுவிடும், மற்றச் சுற்றுகள் அதன் பங்கையும் சுமக்கும். உயரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஷாக்கை யோசித்து யாரும் இதைச் செய்யவில்லை. ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மண் சிக்கி, பெயிண்ட்டை உரசித் தின்று, துருவைத் தொடங்கி வைக்கும். தாழ்ந்த ஸ்பிரிங்கை மாற்றக் காசு சேரும்வரை ஓரிரு மாதம் என்றால் சரி. நிரந்தர வைத்தியம் இல்லை.

கொஞ்சம் தாழ்த்தினால் வளைவில் சாய்வு குறையும் அல்லவா? எவ்வளவு தாழ்த்தலாம்?

எதிர்பாராத பதில் இதற்கு. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியில் அதிகம் தாழ்த்தினால் சாய்வதற்கான உந்துதல் கூடவும் கூடும். வண்டி சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். வீலை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ் ஆர்ம் கிடையாக இருக்கும்வரை அது ஓரளவு உயரத்தில் இருக்கும். வண்டியைத் தாழ்த்தியதும் ஆர்மின் வெளிமுனை மேலே போய், உள்முனை கீழே வந்துவிடும். அப்போது ரோல் சென்டர், வண்டியின் எடை மையத்தைவிட வேகமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிடுகிறது. கூடவே ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் கோணமும் மாறி, பள்ளத்தில் இறங்கும் போதெல்லாம் ஸ்டியரிங் தானாக இழுக்கும். வீலைச் சுழற்றும் அச்சின் மூட்டான சி.வி. ஜாயின்டும் கோணலாக ஓடி சீக்கிரம் தேயும்.

ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள். உங்கள் கீழ் ஆர்மில் உள்முனை போல்ட்டும் வெளிமுனை பால் ஜாயின்டும் எப்படி நிற்கின்றன? பால் ஜாயின்ட் ஏற்கெனவே சமமாகவோ உயரமாகவோ இருந்தால் தாழ்த்தவே வேண்டாம். இல்லையென்றால் 15, 20 மி.மீ. வரை பெரிய கேடு வராது.

அப்புறம் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர். சாலை அமைப்பு நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மேலே மெதுவாக வளைந்த முதுகு என்று இருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு ஆளுக்கொரு உயரத்தில் கட்டியிருப்பதைத்தான் நீங்கள் தினமும் தாண்டுகிறீர்கள். நான்கு பேர் ஏறிய ஐகான் இருக்கிற உயரத்திலேயே அவற்றில் உரசும். என் வண்டி கம்பெனி உயரத்தில்தான் நிற்கிறது, அப்படியே இருக்கும்.

ஸ்பிரிங் மாற்றும்போது ஷாக்கையும் மாற்ற வேண்டுமா?

பழைய ஷாக் எப்போது மாற்றியது என்றே தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் எடுக்க ஸ்ட்ரட்டை எப்படியும் கழற்றத்தான் போகிறோம், கூலி ஒன்றுதான். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், ஸ்பிரிங் உடையாமலும் துருப்பிடிக்காமலும் இருக்கும் பட்சத்தில் ஷாக்குக்கே முதலிடம். ஐகான் 'பழையபடி ஆகிவிட்டது' என்ற மகிழ்ச்சி புது ஷாக், மேல் மவுண்ட், கீழ் ஆர்ம் புஷ் இவற்றில்தான் கிடைக்கும்.

விறைப்பைக் கூட்டினால் ஷாக்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஸ்பிரிங் 25 சதவீதம் ஹார்டானால் ஷாக்கின் பிடிப்பு 12 சதவீதம் கூட வேண்டும். 15 சதவீதக் கூடுதல் என்றால் நல்ல நிலையில் உள்ள கம்பெனி ஷாக்கே சமாளித்துவிடும். நான் 15-ல் நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பம்ப் ஸ்டாப்பையும் மறக்காதீர்கள். பழைய பஞ்சு ரப்பர் கையில் எடுத்ததும் பொடிப் பொடியாக உதிரும். விலை குறைந்த சாமான், ஆனால் அது இல்லாவிட்டால் புது ஷாக் முதல் பெரிய பள்ளத்திலேயே அடிவாங்கும்.

'ப்ரோக்ரசிவ்' ஸ்பிரிங் நல்லதா?

சில சுற்றுகள் நெருக்கமாகவும் சில விலகியும் இருப்பது அது. லேசான பாரத்தில் மென்மையாகவும், அமுங்க அமுங்க ஹார்டாகவும் இருக்கும். பின்பக்கத்துக்கு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் ஒருநாள் காலி டிக்கி, மறுநாள் ஊருக்குப் போகும் சாமான். முன்பக்க எடை பெரிதாக மாறுவதில்லை, அங்கே ஒரே விறைப்பில் உள்ளதே போதும்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஜோடியாக, ஒரே வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் வேண்டாம். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஸ்பிரிங்கை நம்பாதீர்கள், துருவையும் வெட்டுக்காயத்தையும் மறைக்கத்தான் அந்தப் பெயிண்ட். விரல் நகத்தால் உட்பக்கச் சுற்றைத் தடவுங்கள். அமுங்கும்போது அதிக அழுத்தம் விழுவது கம்பியின் உட்புறத்தில். அங்கே நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறலோ குழியோ இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஜி.பி. ரோட்டில் புதுசாகக் கிடைக்கிற நல்ல கம்பெனி ஸ்பிரிங்கோடு விலையை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். வித்தியாசம் பல சமயம் நினைத்த அளவு பெரிதாக இருக்காது.

எங்குமே கிடைக்கவில்லை. பட்டறையில் செய்துகொள்ளலாமா?

கோயம்புத்தூரிலும் அம்பத்தூர் பக்கமும் ஸ்பிரிங் சுற்றும் பட்டறைகள் இருக்கின்றன. 'இதே மாதிரி ஒன்று' என்று உட்கார்ந்துபோன பழைய ஸ்பிரிங்கைக் கொடுத்தால் உட்கார்ந்துபோன உயரத்திலேயே புதுசு வரும். காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: கம்பிக் கனம், விட்டம், சுற்று, முனை வடிவம், எந்த உயரத்தில் எத்தனை கிலோ தாங்க வேண்டும். செய்தபின் முழுவதும் அமுக்கி எடுக்கிறார்களா என்று கேளுங்கள். முதலிலேயே அமுக்கி உட்காரவைக்காத ஸ்பிரிங் உங்கள் வண்டியில் போய் உட்காரும். சின்ன எஃகு மணிகளை வேகமாக அடித்து மேற்பரப்பை உறுதியாக்கும் ஷாட் பீனிங் செய்கிறார்களா என்பதும் முக்கியம். அது இல்லாத ஸ்பிரிங்கின் ஆயுள் குறைவு. இந்த இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்கிற இடத்தில் கொடுங்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா?

நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடாதீர்கள். மி.மீ.க்கு 2 கிலோ ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கி வைத்தால் உள்ளே 300 கிலோ விசை காத்திருக்கிறது. கயிறு, சங்கிலி, கட்டுக்கம்பி எதுவும் அதற்கு ஆகாது. ஸ்பிரிங்கின் இரு முனையிலும் சீட் லூசாகிக் கையால் சுற்ற முடிகிறதா என்று பார்க்காமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. ஸ்பிரிங்கின் நேருக்கு நேர் முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதும் கூடாது.

மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் ஒரு விஷயத்தை நீங்களே கூட நின்று பாருங்கள். கீழ் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது டைட் செய்துவிடுவார்கள். அந்த ரப்பர் புஷ் உள் குழாயோடு ஒட்டியது, சுழலாது, முறுக்கத்தான் செய்யும். தொங்குகிற நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். புது புஷ்கூடச் சீக்கிரமே கிழிந்துவிடும், வண்டியும் சில மி.மீ. உயரமாக நிற்கும். போல்ட்டை லூசாக மாட்டி, வீல் தரையில் எடையோடு நிற்கும்போது கடைசி இறுக்கு. சர்வீஸ் பிட் உள்ள இடத்தில் இது ஐந்து நிமிட வேலை.

முடிந்ததும் வீல் அலைன்மென்ட். பிறகு 500 கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை உயரத்தை அளந்து, அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். புது ஸ்பிரிங் முதலில் சில மி.மீ. உட்காரும்.

எஃப்.சி., இன்சூரன்ஸ் தொந்தரவு வருமா?

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் போடுவது பழுதுபார்ப்பு, அதில் பயம் இல்லை. தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திய வண்டியை ஆய்வாளர் திருப்பி அனுப்பலாம், விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்ட ஆசை. அதற்குத் தனி ஸ்பிரிங் வேண்டுமா?

வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் என்றால் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையானாலும் கோவை கரி டிராக் ஆனாலும், முதலில் உங்களைத் தடுப்பது டயரும் பிரேக் பேடும்தான். அந்தக் காசை நல்ல டயரில் போடுங்கள். அதற்கு மேலும் வண்டி சாய்கிறது என்று தோன்றினால் ஸ்பிரிங்கைத் தொடாமல், வளைவில் சாய்வைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் புஷ், லிங்க் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவை தேய்ந்த வண்டியில் பார் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

புது ஸ்பிரிங் போட்ட பிறகு ஸ்டியரிங் திருப்பும்போது 'டொங்' என்று சத்தம் வருகிறது. என்ன காரணம்?

ஸ்பிரிங்கின் முனை சீட்டின் பள்ளத்தில் சரியாக உட்காராமல், திருப்பும்போது சேர்ந்து முறுக்கிப் பின் விடுபடுகிறது. அல்லது மேல் மவுண்ட்டின் பேரிங் இறுகிவிட்டது. ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங்கின் மேல் விரலை லேசாக வையுங்கள். ஸ்ட்ரட்டோடு சேர்ந்து சீராகத் திரும்பாமல் தங்கித் தங்கி எகிறினால் பேரிங்தான். சீராகத் திரும்பியும் சத்தம் வந்தால் முனை இருக்கும் இடத்தைப் பாருங்கள். எதுவானாலும் ஸ்ட்ரட்டை மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும், அதுவரை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள்.